பலர் காதில் போன இயர்பட்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு, கவிநிலாவின் வணக்கம். நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

தம்பி கோபியின் எம்பி3 பிளேயருக்கு நல்ல பேஸ் உள்ள இயர்பட்ஸ் வாங்க நேற்று தேரடி வீதிக்குப் போனேன். வருகிறவர்கள் எல்லோரும் போட்டுப் பார்க்கும் சாம்பிளைக் கடைக்காரர் சட்டையில் துடைத்து, "போட்டுப் பாரும்மா, பேஸு நெஞ்சுல இடிக்கும்" என்று நீட்டினார். ஓரத்தில் மஞ்சளாய் யாருடைய அழுக்கோ. நம் வீட்டின் முதல் பட்டதாரியான எனக்கு வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. போட்டேன். பேஸ் நன்றாகத்தான் இருந்தது, சீ!

"இதான் கடைசி பீஸு" என்று அதையே டப்பாவில் போட்டுத் தந்தார். அதையும் வாங்கி வந்தேன். மூன்று முறை காதைக் கழுவிவிட்டேன், இன்னும் கழுவப் போகிறேன்.

ஞாயிறன்று கோபியை அனுப்பும்மா. அவன் சண்டை போட்டு வேறு மாடலாக மாற்றட்டும். நான் பக்கத்தில் நிற்கிறேன். காலையிலேயே பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவேன். நம் ஊரிலிருந்து கிரிவலம் வந்த சரோஜா அக்கா இந்தக் கடிதத்தை வாங்கிப்போகக் காத்திருக்கிறார், முடிக்கிறேன்.

கவிநிலா