வலிக்கிறது என்று சொன்னேன்

வியாழக்கிழமை, இரவு.

நான் ஆஸ்பத்திரியில் அலறினேன் என்று, துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மா தெருவெல்லாம் சொல்கிறாள். நான் அலறவில்லை. "வலிக்கிறது" என்றேன், அவ்வளவுதான்.

அதைப் போன வாரமே சொல்லியிருக்க வேண்டும். கஞ்சி வடிக்கும்போது காலில் கொட்டிய அன்று, டாக்டர் வெளிறிய புண்ணைத் தொட்டு, "வலிக்குதாம்மா?" என்றார். அந்நியர் முன் முகம் சுளிப்பது என் வழக்கமில்லை. இல்லை என்றேன். வலி தெரியாவிட்டால் தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டது, மூன்றாம் நிலைத் தீக்காயம் என்று பொருளாம். பெரிய ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும் என்றார்.

இன்று கட்டு மாற்றும்போது நர்ஸ் ஊசி முனையால் தொட்டாள். கால் உதறியது.

"இன்னா ஆயா, காலு துள்ளுது, வாய் மட்டும் கம்முனு கீது? வலிக்குதா இல்லியா?"

சொன்னேன். டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார். புண் வெளுத்து, மறுபடி சிவந்தது. அடியில் ரத்தம் ஓடுகிறது, இரண்டாம் நிலைதான், தானாக ஆறும் என்றார்.

இப்போதும் எரிகிறது. எரியட்டும்.

நாளை டாக்டரிடம் கொடுக்க வேண்டியது:

ஐயா, என் சீட்டில் இன்னும் மூன்றாம் நிலை என்றே இருக்கிறது. எது சரி, தோல் ஒட்ட வேண்டுமா வேண்டாமா என்று எழுத்தில் பதில் தாருங்கள்.