மாப்பிள்ளையின் மூச்சு

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று எழுதத்தான் ஆசை. எட்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லாதபோது எந்த ஆதாரத்தில் எழுதுவது?

நேற்று தடைதாண்டும் போட்டியில் மாப்பிள்ளை முதலாவதாக வந்தான். நம் லாயத்துக்கு ஆறு வருடத்தில் இதுதான் முதல் கோப்பை. வேறு யாராவது உனக்குச் சொல்லியிருந்தால், ‘ஆள் மாறினதும் குதிரை ஜெயிச்சிடுச்சு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது உண்மையில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான். வரிசையாகப் படி, வழக்கம்போல் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

போன வருடப் போட்டியில் கடைசிக்கு முந்தைய தடையைத் தாண்டாமல் அவன் நின்றுபோனதும் நீ என் அறைக்கு வந்தாய். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. ‘அவனுக்கு மூச்சு பத்தலக்கா. வேகம் எடுக்கறப்ப ரெண்டு தடவை எதையோ முழுங்கறான், என் முட்டிக்குத் தெரியுது’ என்றாய். மறுநாள் காலை அவன் ஓய்வாக நிற்கும்போது மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தேன். மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தது. இருமலும் இல்லை. ‘முட்டிக்குத் தெரியுதுன்னா அதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?’ என்று கேட்டுவிட்டு, குதிரைக்கு நோய் ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். மேலாளர் அந்தத் தாளை வைத்துத்தான் உன் கோப்பில் ‘சவாரித் திறன் குறைந்துவிட்டது’ என்று எழுதினார். நீ சேணத்தைக்கூட எடுக்காமல் போனாய்.

உன் இடத்துக்கு வந்தவள் நல்ல பெண், கொஞ்சம் வாயாடி. மூன்றாவது வாரம் அதே தடைக்கு முன்னால் அவனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். ‘டாக்டர், நான் சொன்னா சிரிக்கக் கூடாது. இவன் ரெண்டு தடவை முழுங்கறான்’ என்றாள். நீ சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று அவனை முழு வேகத்தில் ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் குழாயை விட்டேன். மூச்சுக்குழாயின் அடியில் நீளமாக, ஓடை மாதிரி, பசை போன்ற சளி. சுத்தமாக இருந்தால் பூஜ்யம், மிக மோசம் என்றால் ஐந்து என்று ஒரு அளவு வைத்திருக்கிறோம். நான்கு என்று எழுதினேன். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தபோது கிருமி ஒன்றும் இல்லை. தூசிதான் காரணம். நின்றிருக்கும் குதிரையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓடும் குதிரையைப் பற்றி நான் சான்று கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. காய்ந்த புல் அடைத்த வலைப்பையை உயரத்தில் கட்ட வேண்டும் என்று கதவில் ஒட்டியிருந்தது என் உத்தரவு. மாப்பிள்ளை ஒருமுறை வலையில் காலை மாட்டிக்கொண்டானே, அதற்காக. நீ அதை மதிக்காமல் புல்லைத் தரையில் உதறிப்போடுவாய் என்று உன்னோடு எத்தனை சண்டை. நீ போன பிறகு லாயக்கார மீசை அண்ணன் என் உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றினார். மாப்பிள்ளை நாள் முழுக்க அண்ணாந்து தின்றான். தூசி நேராக மூக்குக்குள் போனது, உள்ளே சேர்ந்த சளி வெளியே வர வழியில்லை.

கதவில் ஒட்டியிருந்த அந்த உத்தரவை நானே கிழித்தேன். புல்லை நனைத்துத் தரையில் வைத்தோம். படுக்கை வைக்கோலை எடுத்துவிட்டுத் தூசியில்லாத மரச்சீவல் பரப்பினோம். அவனை வெளியே கொண்டுபோன பிறகுதான் பெருக்குவது. போட்டி விதியை நினைத்து மருந்து கொடுக்கவில்லை. உப்புநீர் ஆவி மட்டும். ஒன்பதாம் நாள் குனிந்து தின்றுகொண்டிருந்தவன் மூக்கிலிருந்து கயிறு கயிறாகச் சளி இறங்கியது. மீசை அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ‘இத்தனையையும் எங்கடா வெச்சிருந்தே மாப்பிள்ளை, சொல்லக் கூடாதா’ என்றார். சொல்லத்தான் சொன்னான், உன்னிடம்.

நான்கு இரண்டாயிற்று. ஒன்றாயிற்று. பத்தாவது வாரம், ஓட்டத்துக்குப் பிறகும் பூஜ்யம். எனக்கு நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு முறை பார்த்தேன்.

உடனே பழைய சான்றைத் திரும்பப் பெறுவதாக மேலாளரிடம் சொன்னேன். ‘ஜெயிச்சப்புறம் சொல்லிக்கலாமே டாக்டரம்மா. இப்பவே எதுக்கு நம்ம தலையில நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கணும்’ என்றார். ஜெயித்த பிறகு சொன்னால் எவர் காதிலும் ஏறாது, புதிதாக வந்தவளின் கைராசி என்று முடித்துவிடுவார்கள் என்றேன். போட்டிக்கு நான்கு நாள் முன்பு லாய நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் முன்னால் எழுந்து நின்று வாசித்தேன். குதிரை நோயாளி, சோதனை தவறு, தவறியது நான், சவாரி செய்தவர் முதல் நாளே சரியாகச் சொன்னார். நடுவில் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. உன் கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டார்கள். முத்திரை வைத்த நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நேற்று கடைசிக்கு முந்தைய தடையை நெருங்கும்போது நான் அவன் தொண்டையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுங்கவில்லை. காதை முன்னால் நீட்டிக்கொண்டு, வாசல்படி தாண்டுகிற மாதிரி தாண்டினான். கடைசித் தடையும் அப்படியே. இரண்டாவதாக வந்த குதிரை அப்போது வளைவில்தான் இருந்தது. நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. ‘டாக்டரம்மா கத்தினதுல பயந்துதான் மாப்பிள்ளை ஓடினான்’ என்று மீசை அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் இடத்துக்கு வந்தவள் இறங்கியதும் முதலில் கேட்டது உன் விலாசத்தை. என்ன எழுதப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் புதிதாக ஒரு பெண் குதிரை வந்திருக்கிறது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பார்த்துவிட்டேன், குழாயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. இப்படி நான் எழுதுவதைப் பார்த்து நீ சிரிக்கலாம்.

சோதனைப் படிவத்தைப் புதிதாக அச்சடித்திருக்கிறோம். கடைசியில் ‘சவாரி செய்தவர் உணர்ந்தது’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். நான்கு வரி எழுதுமளவு இடம் இருக்கிறது. இந்தப் புதுக் குதிரையின் தாளில் அந்தக் கட்டத்தை மட்டும் இன்னும் யாரையும் நிரப்பவிடவில்லை. உன் சேணத்துக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போடுகிறேன், தோல் வெடிக்கவில்லை.

குளிரில் நெஞ்சைக் கவனித்துக்கொள். உன் கையும் முட்டியும் நூறு வருடம் நன்றாக இருக்கட்டும்.

உன்
அக்கா