தம்பு மாமாவுக்கான சதுரம்

லண்டன்
18.01.1956

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் பெனடிக் எழுதுவது. தேவமாதாவின் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தங்கச்சி யூஜினிக்குக் கலியாணம் பேசி யாரும் வந்தார்களா?

போன கிழமை இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. மனநோய் குடும்ப வழியாக இறங்குகிறதா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. புதிதாகச் சேர்ந்தவர்கள் சொந்தக் குடும்பத்தை வரைந்து பழக வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவர் என்றால் உள்ளே கறுப்பு. நான் நம் தாய்வழிக் குடியை ஆறு தலைமுறைக்கு வரைந்தேன். பேராசிரியர் பார்த்துவிட்டு, "உன் தாய்க்குச் சகோதரன் இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். உங்கள் தம்பியை மறைக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை, அம்மா. கலியாணம் பேச வருகிறவர்களிடம், "எங்கட அம்மாக்கு நாங்க ரெண்டு பொம்புளப் புள்ளையள்தான்" என்பீர்களே, அந்தப் பழக்கம்தான். இவ்வளவு சுத்தமான படம் அபூர்வம் என்று சொல்லி அவர் அதைச் சுவரில் ஒட்டிவிட்டார். தினமும் அதைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போகிறேன்.

கறித்தூள் முடிந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். ஓரிடத்தில் இருந்து படிக்க முடியவில்லை, நடந்துகொண்டே இருக்கிறேன். குளிர்தான் காரணம். இரண்டாவது சோடிச் சப்பாத்தும் தேய்ந்துவிட்டது.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். தம்பு மாமா வாசல் படலைக்கும் கிணற்றடிக்குமாக நடக்கத் தொடங்கியபோது அவருக்கு என்ன வயது?

உங்கள் மகன்,
பெனடிக்