கசையிழை தாமதமானது குறித்துத் தடையமைச்சன் விடுத்த ஓலை

சுவர் பிளவாதிருக்க, சவ்வு கசியாதிருக்க, சர்க்கரை வற்றாதிருக்க. சர்க்கரை சென்ற நாழிகையிலேயே வற்றிவிட்டது. எனினும் வாழ்த்தை மாற்ற அடியேனுக்கு அதிகாரமில்லை.

கண்ணுக்கெட்டாச் சிறுமையிற் பெருமை கொண்ட நுண்ணுயிர்க் கோட்டை நாட்டின் அதிபதியும், மரபணு ஏடுகளுள் தலையேட்டின் உரிமையாளருமான ஆதியாணைப் பெருவழுதியார் திருமுன்பு, தடையமைச்சன் இறுக்கன் சேந்தன் தெண்டனிட்டு எழுதும் ஓலை.

குடிகள் பட்டினி கிடக்க, இனித்த நீர் இருக்கும் பக்கம் நாடே நீந்திச் செல்லவேண்டிய வேளையில், கசையிழை என்னும் வாலை நெய்யவிடாமல் அடியேன் தடுப்பது ஏன் என்றும், என் தலை இன்னும் தோள்மேல் இருப்பதற்குக் காரணம் யாது என்றும் தேவரீர் கேட்டருளினீர். இரண்டாவது வினா நியாயமானதே.

தேவரீர் ஆணை பிறந்ததும் அடித்தளக் கொல்லர் மதிலைத் துளைத்து வளையம் பதித்தனர். அதன்மேல், வாலைத் தாங்குவதும் இழை வெளியேறக் குழல் கொண்டதுமான கொக்கி வளரலாயிற்று. அது முடியுமுன்பே, வாலிழைக்குரிய ஏட்டை வாசித்து நெசவைத் தொடங்கிவைக்கும் ஏடுவாசி நன்மாறனார் ஏட்டறைக்கு ஓடினார். அவர் தோளை வலக்கையால் பற்றி நிறுத்தினேன்; இன்னும் விடவில்லை. இவ்வோலையை இடக்கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்தருள்க.

இதற்கிடையே வாலைச் சுழற்றும் படையின் தலைவர், வால் இல்லாமலே, ‘திசையதிரச் சுழற்றிய சூரர்’ என்று பட்டம் சூடிக்கொண்டார். திசையறி ஆலோசகர்கள் சர்க்கரை கிழக்கே என்றும் மேற்கே என்றும் இரு கட்சியாயினர். அவைப்புலவர் நாட்டின் வேகத்தை நூறு பாட்டில் பாடி முடித்தார்; நாடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இவர்கள் யாவரும் ஒருமனதாய்த் தீர்மானித்தது, தடையமைச்சனை ஒழிப்பது என்பதைத்தான்.

சற்றுமுன் நம்மிலிருந்து பிரிந்துபோன உடன்பிறந்த நாட்டில் அப்படியே செய்தார்கள். அங்கே இழை மளமளவென்று பெருகியது, ஆனால் கொக்கி முடியாததால் வெளியேற வழியில்லை. அரண்மனை முதல் ஏட்டறை வரை இழையே குவிந்து, மன்னர் எழுந்து நிற்கவும் இடமின்றி உட்கார்ந்தபடியே பட்டினியாய் ஆள்கிறார். அங்கும் புலவர் பாடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நம் கொக்கியை அளப்பவர் இப்போது கோலை வைத்துப் பார்த்து, போதும் என்று தெரிவித்தார். குழல் திறந்துவிட்டது. அதன் வழியே இழை வெளியேறி நுனியில் சேர்ந்து வாலாகும். ஆனால் அதில் முதலில் வெளியேற்றப்படவேண்டியவன் தடையமைச்சன் என்பது தேவரீரின் ஏட்டிலேயே எழுதியுள்ள மரபு. நான் போனால்தான் ஏடுவாசி விடுபடுவார். திரும்பிவர வழியில்லை. வெளியே குளிர் என்கிறார்கள். சென்றவர் எவரும் வந்து சொன்னதில்லை. அடியேனுக்கு அச்சமாயிருக்கிறது. நாடு நீந்திப் போகும்போது நான் அதன் பின்னே, தனியே நீரில் கிடப்பேன்.

ஆகவே தேவரீர் பெயரால் என் இறுதி ஆணை: நன்மாறனார் ஏட்டைத் திறக்க, ஆலோசகர் ஒரே ஒரு திசையைச் சொல்ல, அடுத்த வால் முளைக்குமுன் அடுத்த தடையமைச்சனை அமர்த்தி, அவனையும் தவறாமல் ஏசுக.

சுவர் நிற்கும்வரை இவ்வோலை நிற்பதாக. முத்திரை, வலக்கையால் இடப்பட்டது.