பேஸ் கிட்டார்க்காரிக்குப் பொறாமையோடு

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியபோது டிரைவர் வைத்திருந்த பாட்டு மாறியது. வண்டி இரைச்சலில் குரல் காதுக்கு எட்டவில்லை. ஆனால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த என் உள்ளங்கையில் ஓர் அதிர்வு ஏறியது. அவசரப்படாமல், சற்றுப் பின்தங்கி வரும் அதிர்வு. குரல் வருவதற்கு முன்பே அது உன் விரல் என்று தெரிந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் வாயசைத்துப் பாடிக்கொண்டே வந்தாள். நான் திரும்பிப் பார்த்ததும் சிரித்தாள்.

"இந்தப் பாட்டு தெரியுமாக்கா? இவுங்க நம்ம கடலூருதான். மஞ்சக்குப்பம். பேஸ் கிட்டாரும் அவுங்களே வாசிச்சிக்கிட்டுப் பாடுவாங்க."

"அப்டியா" என்றேன்.

"காய்ச்சல் வந்து செத்துட்டாங்கக்கா. கேள்விப்பட்ட அன்னிக்கு நான் சாப்புடவே இல்ல."

உன் ஊரையும் நீ இறந்த கதையையும் எனக்கே சொல்ல இவள் யார் என்று முதலில் எரிச்சல் வந்தது. அது ரொம்ப நேரம் அவள்மேல் நிற்கவில்லை. வழக்கம்போல உன்மேல் திரும்பியது. சின்ன வயதிலிருந்து முறையாகப் பாட்டுப் படித்தவள் நான். எனக்காக எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் சாப்பிடாமல் இருக்கப் போவதில்லை. நீ போன பிறகும் எனக்கு உன்மேல் பொறாமை குறையவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது நான் இசை மாணவி, நீ பி.காம். ஆண்டு விழாவுக்குக் குழு சேர்த்தார்கள். பாட நான் இருந்தேன். கிட்டாருக்கு ஒரு பெண் வருகிறாள் என்றார்கள். உன்னைவிடப் பெரிய கறுப்புப் பை ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாய். பையைத் திறந்தால் நாலே கம்பிதான் இருந்தது.

"மீதிக் கம்பி அறுந்துபோச்சா?" என்று கேட்டேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "இது பேஸுடி. இதுக்கு இவ்ளோதான். மத்தவங்க பாட்டு கீழ வுழாம தாங்கிக்கிறதுதான் இதோட வேல."

உங்கள் மாதா கோயில் பாடல் குழுவில் பேஸ் வாசித்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட, சும்மா கிடந்த கிட்டாரை நீ எடுத்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறாய். யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அதுவே வேடிக்கையாக இருந்தது. வர்ணம் தெரியாது, ராகம் தெரியாது, எழுதி வைத்த இசையைப் படிக்கவும் தெரியாது. காதால் கேட்டதைக் கையால் வாசித்தாய்.

அந்த வருடங்களில் நான்தான் பாடகி. "நீ மேல பறந்துக்க, நான் கீழ நிக்கிறேன்" என்பாய். மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி மேடை கிடைத்தபோது நான் சினிமாப் பாட்டாகப் பாடித் தள்ளினேன். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கூட்டம் கத்தியது. நீ டிரம்ஸுக்குப் பக்கத்தில் இருட்டில் நின்றிருந்தாய். முடிந்ததும் உன் அம்மா மேடைக்குப் பின்னால் வந்து என் கன்னத்தை வழித்துக் கொஞ்சினார்கள்.

"எங்கது ஏதோ பின்னாடி நின்னு சொறிஞ்சிக்கிட்டு இருந்திச்சி. நீதாம்மா பாடுன."

நீ அவர்களுக்குப் பின்னால் நின்று சிரித்தாய். உன் முகத்தில் ஒரு சுருக்கமாவது விழுகிறதா என்று நான் பார்த்தேன். விழவில்லை. எனக்கு அது அன்றைக்கே பிடிக்கவில்லை.

கடைசி வருடம், டிரம்ஸ் வாசித்த பையனின் வீட்டு மாடியில் ஒரு சாயங்காலம், "நானே ஒரு பாட்டு எழுதியிருக்கேன், பாடித் தரியா?" என்று கேட்டாய். நாம் பேசுகிற பேச்சில் எழுதியிருந்தாய். *போறேன்னு சொல்லிட்டேன், போவத்தான் மனசில்ல. அவுங்க கூப்புடுவாங்கன்னு செருப்ப மெதுவா மாட்டுறேன்.* ஒரு வீட்டு வாசலில் நிற்கும் பெண். அவ்வளவுதான் பாட்டு.

நான் பாடினேன். கடைசிச் சொல்லை நன்றாக இழைத்து, அசைவு கொடுத்து, மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். டிரம்ஸ் பையன் கைதட்டினான். நீ கிட்டாரை மடிக்கு இழுத்துக்கொண்டாய்.

"ரொம்ப நல்லாருக்குடி. ஆனா நீ பாடுனா அவள ஒடனே கூப்ட்டுடுவாங்க. அவ செருப்பு மாட்ட வேண்டியதே இல்ல."

பிறகு நீயே பாடிக் காட்டினாய். கரகரப்பான சாதாரணக் குரல். மேலே போகும் இடத்தில் சுருதி விலகியது. 'மெதுவா மாட்டுறேன்' என்ற இடத்தில் குரல் முன்னால் போய்விட, உன் கை அரைத் தட்டு தாமதித்து வந்து சேர்ந்தது. டிரம்ஸ் பையன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். கைதட்டக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"மேல சுருதி சேரல" என்றேன்.

"ஆமாடி, எனக்கு அங்க எட்டாது" என்றாய், வெட்கமே இல்லாமல்.

அங்கேதான் ஆரம்பித்தது. எனக்கு எட்டாத இடம் என்று பாட்டில் ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் குச்சியைக் கீழே வைக்கச் செய்கிற இடம் எனக்கு எட்டவில்லை.

அந்தப் பாட்டை யாரோ போனில் எடுத்துப் போட, அது எங்கெங்கோ போனது. உன்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். முதலில் காபிக் கடைகளில் பாடினாய், பிறகு அரங்குகளில். பெங்களூர், கொச்சி என்று சுற்றினாய். சினிமாவுக்குப் போகாமல் சொந்தப் பாட்டாகவே பாடினாய். நான் கல்யாணம் ஆகி, கடலூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் ஆனேன். காலை வணக்கப் பாட்டும் சுதந்திர தினப் பாட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, சமையல் முடித்து, உன் வீடியோக்களுக்குக் கீழே ஆட்கள் எழுதியதைப் படிப்பேன். யாராவது திட்டியிருக்கிறார்களா என்று தேடுவேன். ஒருநாள் ஒருவர் 'சுருதியே சேரவில்லை' என்று எழுதியிருந்தார். விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. மறுநாள் அதையே திரும்பப் படித்தேன். அந்த ஆளைப் பிடித்து அறைய வேண்டும் போல இருந்தது. அந்தக் குறையைச் சொல்ல உரிமை உள்ளவள் நான் ஒருத்திதான்.

கை ஒரு தாளத்தில் போக, வாய் வேறொன்றில் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று உன் ரசிகர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு மேஜையில் தட்டிப் பாடிப் பார்த்திருக்கிறேன். பாட்டு நின்றது, இல்லாவிட்டால் கை நின்றது.

ஒரு தடவை, உன்னோடு சேர்ந்து பாட வரச்சொல்லிச் சென்னைக்கு அழைத்தாய். எல்லோரும் ஜீன்ஸ் போட்டிருந்த மேடையில் நான் பட்டுப்புடவையில் நின்றேன். பாதியில் பாட்டை நிறுத்தி மைக்கில், "என்னவிட நல்லா பாடுறவ இவ. எங்க ஊரு" என்றாய். கைதட்டினார்கள். சின்னக் குழந்தை மாறுவேடப் போட்டியில் மேடையேறினால் தட்டுவார்களே, அப்படித் தட்டினார்கள். நீ உண்மையாகத்தான் சொன்னாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

என் மகளுக்குத் திருவந்திபுரத்தில் மொட்டை போட்டபோது நீ வந்திருந்தாய். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அது அழ அழ வேடிக்கை காட்டினாய். அப்போது கல்லூரிப் பெண்கள் கூட்டம் ஒன்று உன்னை அடையாளம் கண்டு ஓடி வந்தது. ஒருத்தி போனை என் கையில் கொடுத்து, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். என் வீட்டு விசேஷத்தில், என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நீ, நடுவில்.

பிறகு நாம் இருவரும் கெடிலம் பக்கம் நடந்து போனோம். ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை. நீ சட்டென்று கேட்டாய்.

"ஏன்டி, என்மேல உனக்குப் பொறாமையா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா" என்றேன். "ரொம்ப."

நீ நின்றாய். கோபப்படப் போகிறாய் என்று நினைத்தேன். உன் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"நெஜமாவா? சத்தியமா?"

"இதுல என்னடி சத்தியம்?"

"எங்க வீட்ல எல்லாரும் என்னப் பாத்தா பாவம்னுதான் சொல்றாங்க. கல்யாணம் இல்ல, நிலையா ஒரு வேல இல்ல, கிட்டாரத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராத் திரியிதுன்னு. எங்கம்மா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எனக்காவ மெழுகுவர்த்தி ஏத்துறாங்க, நோயாளிக்கு ஏத்துற மாதிரி. பொறாமப்படுறதுக்கு எனக்குன்னு ஒரு ஆளாச்சும் இருக்கியே. வுட்றாதடி."

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கோயில் வாசல் வரை வந்தாய். பொறாமைப்படுகிற ஒருத்தியை அப்படிப் பிடித்துக்கொண்டு யாராவது நடப்பார்களா? நீ நடந்தாய்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினாய். "மூட்டெல்லாம் வலிக்குதுடி, விரல மடக்க முடியல, சரியாயிடும்" என்றாய். சரியாகவில்லை. உன்னை மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

மாதா கோயிலில் கூட்டம் தாளவில்லை. எங்கிருந்தோ வந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அங்கேயும் நான் அவர்களைப் பார்த்து, என்னைவிட நன்றாக அழுகிறார்களே என்று நினைத்துக்கொண்டு நின்றேன். என் கண்ணில் தண்ணீர் வரவே இல்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தால், உறவுக்காரப் பெண்கள் உன் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாவம். ஒன்றையும் அனுபவிக்கவில்லை. புருஷன், பிள்ளை என்று ஒன்றையும் பார்க்கவில்லை. பாவம்.

உன் அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "பாத்தியாம்மா, பாவம், எம்பொண்ணு" என்றார்கள்.

"பாவமெல்லாம் இல்லம்மா" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "எனக்கு அவமேல பொறாம. எத்தனையோ வருஷமா பொறாம. இப்பவும்தான்."

அந்தப் பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒருத்தி என் முழங்கையைப் பிடித்து அப்பால் இழுத்தாள். உன் அம்மா கையமர்த்தினார்கள். என் முகத்தையே பார்த்தார்கள். அன்று மைதானத்தில் என் கன்னத்தை வழித்து, நீதாம்மா பாடுன என்றவர்கள்.

"நீயே பொறாமப்படுற மாதிரியா?" என்றார்கள். "அவ்ளோ நல்லாவா பாடுனா?"

"அவ்ளோ நல்லா பாடுனாம்மா."

அப்போதுதான் அவர்கள் வாய்விட்டு அழுதார்கள். எனக்கும் வந்துவிட்டது.

இன்று டிரம்ஸ் பையன் போன் செய்தான். நீ பாடி முடித்து வெளியிடாத ஒரு பாட்டு இருக்கிறதாம். அதை அனுப்பி வைத்து, முதலில் என்னைத்தான் கேட்கச் சொன்னான். இன்னும் திறக்கவில்லை. நாளை மாலை உன் அம்மாவிடம் போய், அவர்களோடு உட்கார்ந்து கேட்கலாம் என்று இருக்கிறேன். கேட்கும்போதே சுருதி எங்கே விலகுகிறது என்று தேடுவேன், அது என் புத்தி. கண்டுபிடித்தும் விடுவேன். அதன் பிறகும் வயிறு எரியும். வுட்றாதடி என்று நீதானே சொன்னாய். நான் விடவில்லை.