புலியின் காலில் நம் வீட்டுக் கம்பி

புதூர்நாடு,
ஐப்பசி 18

அன்பு மகன் கோகுல்ராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடுகளும் சுகம். துபாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் எங்களுக்குப் பொழுது விடிகிறது. சாமை கதிர் வாங்கிவிட்டது, பன்றித் தொல்லை வழக்கம் போல.

சித்திரையில் நம் மேல்காட்டில் வனத்துறைக்காரர்கள் பெண் புலி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று சொன்னேனே, என் தாத்தா காலத்தோடு புலி அற்றுப்போன காடு இது. விடுவதற்கு முன் வீட்டுக்கு ஒருத்தர் காளியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்து, எங்கள் நிலத்தில் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி இல்லை என்று சத்தியம் செய்தோம். நானும் அணைத்தேன், நிலமெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான். ஆவணியில் அந்தப் புலி நம் பலாமரத்துக்குக் கீழே புதருக்குள் சுருக்குக் கம்பியில் கால் மாட்டிக் கிடந்ததை வாட்சர் பூபாலன் பார்த்தார். மயக்க ஊசி போட்டு எடுத்து வைத்தியம் பார்த்தார்கள், முன்னங்காலில் இரண்டு விரல் போய்விட்டது. இருபது நாள் கழித்துக் காட்டில் விட்டபோது நொண்டிக்கொண்டே போயிற்று. அந்தக் கம்பி, துபாய் போகுமுன் நீ ஓட்டிய பழைய பைக்கின் பிரேக் கம்பி. அதன் பச்சை உறையும் நீ போடும் இரட்டை முடிச்சும் எனக்குத் தெரியாதா. போனில் கேட்டால் "எனக்கு இன்னா தெரியும், நான் வெக்கலப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். பெற்றவனிடமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வனத்துறை ஆபீசில் "நான்தாங்க வெச்சேன்" என்று கையெழுத்துப் போட்டேன், கேஸ் என் பேரில் இருக்கிறது, நீ பயப்பட வேண்டாம். ஆனால் ஊர் கோயிலில் கூடியபோது, அம்மன் முன்னால் இரண்டாம் தடவையும் பொய்யாக நிற்க எனக்கு மனம் வரவில்லை, பையன் வைத்தது என்று சொல்லிவிட்டேன். வைத்தவன் வந்து ஒப்புக்கொள்ளும்வரை திருவிழாவில் நம் வீட்டுப் பானை பொங்கல் வரிசையில் சேராது என்று முடிவு செய்துவிட்டார்கள். "பெத்த புள்ளயக் காட்டிக் குடுத்துட்டியே, நீ இன்னா மனுசன்" என்று உன் அம்மா என்னைத் திட்டினாள். எனக்கும் வலிக்கத்தான் செய்தது.

பானை கிடக்கட்டும். இன்னும் எத்தனை வைத்தாய், எங்கெங்கே என்று மட்டும் சொல். அம்மாவும் நானும் தினமும் அரிவாளோடு புதர் புதராகத் தேடுகிறோம். முந்தாநாள் ஓடை மணலில் புலியின் தடம் பார்த்தேன், ஒரு முன்னங்காலில் நாலு விரல் பதிய வேண்டிய இடத்தில் இரண்டுதான் பதிந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மன் உன்னைக் காக்கட்டும். வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். கடிதம் கிடைத்ததும் பதில் சொல், மறுபடியும் இல்லை என்று சொல்வதானால் ஒன்றுமே சொல்ல வேண்டாம்.

உன் அப்பா,
கோபால்சாமி