மேற்கூரைக் கண்ணாடி வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு, ஜெபிஷ் தோத்திரம் சொல்லி எழுதுவது. எனக்குச் சுகம்தான். அம்மைக்குக் கஞ்சியாவது இறங்குகிறதா? போனில் பேசினால் அம்மைக்குக் கேட்கும் என்பதால், ஊருக்கு வரும் ஜிபினிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

"மேல கண்ணாடி உண்டு மக்கா, வண்டி கொள்ளாம்" என்று, வாங்கப் பார்த்திருக்கும் காரை மெச்சினீர்கள். புதுக்கடை வெயிலில் கண்ணாடிக் கூரை எதற்கு? பழைய மின்சாரக் காரில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். ஏசியைப் போட்டுக்கொண்டே திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பிப் பாருங்கள். வழியில் சார்ஜ் தீர்ந்தால் வாங்காதீர்கள். முன்சீட் நன்றாகச் சாய வேண்டும். மருந்து ஏற்றிய பிறகு அம்மையால் நிமிர்ந்து உட்கார முடியாது.

போன் வழியாக ஏசி போடும் வசதி கட்டாயம் வேண்டும். அதில் என் நம்பரையும் ஜிபின் சேர்த்துத் தருவான். அம்மை ஏறுமுன் தோஹாவிலிருந்தே நான் வண்டியைக் குளிரவைப்பேன். வேறென்ன செய்ய?

லீவு கேட்டேன். டிசம்பரில் பார்க்கலாம் என்று மேனேஜர் சிரித்தார். டாக்டர் அவ்வளவு நாள் சொல்லவில்லை. அம்மையிடம் லீவு கிடைத்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

வண்டி நிற்கும் இடமும் என் போனில் தெரியும். ஆஸ்பத்திரியை விட்டு அது நகராமலே நின்றால் நான் புரிந்துகொள்வேன். நீங்கள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

ஜெபிஷ்